மானிட்டர் டிவியான கதை



போன வாரம் லால்குடிப் பக்கத்திலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "டீச்சர், பையன் லேப்டாப் வாங்கிட்டான். பழைய அகலமான கம்ப்யூட்டர் மானிட்டர் சும்மா கிடக்கு. அதுல டிவி பார்க்க முடியுமா? நீங்க ஒரு தடவை செஞ்சீங்கன்னு சொன்னாங்க" என்று கேட்டார்.

"முடியும்ப்பா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமா இது என்று தோன்றியது. எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது. வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாமல் பாடம் நடத்துவேன் என்று நீங்கள் எல்லாம் என்னைக் கிண்டல் செய்ததுண்டு. இன்றைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். கொரோனா ஊரடங்கு. எங்கள் சமயபுரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாசியில் பூச்சொரிதல், சித்திரையில் தேர், ஆடி மாதம் முழுக்கக் கூட்டம். அந்த வருஷம் கோவில் கதவு மார்ச்சில் மூடியது, பக்தர்களுக்குத் திறந்தது செப்டம்பர் 1ஆம் தேதிதான். தேரும் ஓடவில்லை. கடைவீதியில் பூ, வேப்பிலை, எலுமிச்சம்பழம் விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு ஐந்து மாதம் வருமானமே இல்லை.

எங்கள் தெருக்கோடியில் பூ கட்டி விற்கும் ஒரு பாட்டியும் அவர் பேத்தியும் இருந்தார்கள். பேத்தி அப்போது ஒன்பதாம் வகுப்பு, அரசுப் பள்ளி. பள்ளி மூடியிருந்தது. பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தன. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய சேனல் அது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து நடந்தது. தொடங்கியபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருஷமே நம் மாநிலத்தில் உள்ள பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம் ஆகப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் காலையில் கோலம் போட வெளியே வந்தேன். அந்தப் பெண் நாலு வீடு தள்ளி ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் துணிக் கவசம். ஒரு கையில் நோட்டு, சுவரோடு சேர்த்து வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே டிவியில் கணக்குப் பாடம். கொரோனா பயத்தில் அந்த வீட்டுக்காரர்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

"உங்க வீட்டு டிவி என்னாச்சும்மா?" என்றேன்.

"ஒரே கோடா வருது டீச்சர். மெக்கானிக் மாமா இதுக்கு மேல முடியாதுன்னுட்டாரு."

கையில் கோலமாவோடு அப்படியே நின்றுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்று டிவி பார்த்த இன்னொரு பிள்ளையை எனக்கு முன்பே தெரியும். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த வீட்டு டிவி. பாட்டிக்கு 2009 வாக்கில் கிடைத்த அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி அது. 2006 தேர்தலில் கலைஞர் கொடுத்த வாக்குறுதி, அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் வழங்கத் தொடங்கினார்கள். 14 அங்குலப் பெட்டி. ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். வேடிக்கையான ஒரு பொருத்தம்: இந்தியாவில் முதல்முதலாக டிவி ஒளிபரப்பு தொடங்கியதும் ஒரு செப்டம்பர் 15தான். 1959, டில்லி. ஐந்து ஆண்டு கழித்து, 2011இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும் அதே தேதியில்தான். நம் ஊரில் திரைகளுக்கு என்று ஒரு நல்ல நாள் இருந்தால் அது அதுதான் போல.

பாட்டி வீட்டுப் பெட்டி பதினோரு வருஷம் உழைத்துவிட்டு ஓய்வு பெற்றது. அதற்காகக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான்கூட முப்பத்தைந்து வருஷம் உழைத்துவிட்டு ஓய்வு பெற்றவள்தானே.

எங்கள் வீட்டில் பரணில் ஒரு மானிட்டர் கிடந்தது. என் மகன் இன்ஜினியரிங் படித்தபோது வாங்கியது, 19 அங்குலம், அகலத் திரை. அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது துணி சுற்றி வைத்துவிட்டுப் போனான். அதை இறக்கித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். பாட்டி வீட்டில் கேபிள் செட்டாப் பாக்ஸ் நன்றாகவே இருந்தது. இதை அதோடு சொருகினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

சொருக வழியே இல்லை. செட்டாப் பாக்ஸின் பின்பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வட்ட ஓட்டைகள். மானிட்டரின் பின்பக்கம் நீல நிறத்தில் பதினைந்து துளை உள்ள ஒன்று, வெள்ளையில் நிறையத் துளை உள்ள இன்னொன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சத்தம் வர ஸ்பீக்கரும் மானிட்டரில் கிடையாது.

பாட்டி, "விடுங்க டீச்சரம்மா, நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றார். எனக்கு விட மனமில்லை. அன்று இரவு மகனோடு ஒரு மணி நேரம் போனில் பேசினேன். அவன் ஆசிரியர், நான் மாணவி. அன்று கற்றதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

மானிட்டர் என்றால் என்ன? நம் பள்ளியில் வகுப்புக்கு ஒரு மானிட்டர் இருப்பானே, நான் வெளியே போகும்போது பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுகிறவன். கவனித்து எச்சரிக்கிறவன் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். டிவி நிலையங்களில் கேமரா எடுக்கும் படம் சரியாக வருகிறதா என்று பொறியாளர்கள் கவனிக்கத் திரைகள் வைத்திருந்தார்கள். அவற்றுக்கும் மானிட்டர் என்றே பெயர். காற்றில் வரும் சேனலைப் பிடிக்கும் வேலை அவற்றுக்கு இல்லை, பக்கத்து அறையிலிருந்து வயரில் வரும் படத்தைக் காட்டினால் போதும். ஆக, டிவிப் பெட்டிக்குள் சேனலைப் பிடிக்கும் உறுப்பு ஒன்று உண்டு, அதற்கு ட்யூனர் என்று பெயர். ட்யூனரை எடுத்துவிட்டால் டிவி மானிட்டர் ஆகிவிடும். அவ்வளவுதான் அடிப்படை வித்தியாசம்.

ஆரம்ப காலத்தில் கம்ப்யூட்டருக்கென்று தனித் திரை வாங்கப் பலரிடம் காசில்லை. 1982இல் வெளிநாட்டில் வந்த ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களை எல்லாம் கூடத்தில் இருந்த டிவியோடு இணைத்துத்தான் பார்த்தார்கள். டிவியின் ஆண்டெனா ஓட்டையிலேயே சொருகுவார்கள். கம்ப்யூட்டர் தன்னை ஒரு டிவி சேனல் போலக் காட்டிக்கொள்ளும். நம் நாட்டிலும் 1984 வாக்கில் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்த பிபிசி மைக்ரோ என்ற பொறியையும் டிவியோடு இணைக்க முடியும். நான் வேலை பார்த்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு அதெல்லாம் வரவில்லை, எங்களுக்கு வந்தது கரும்பலகை மட்டும்தான்.

அன்று டிவியைக் கம்ப்யூட்டர் திரையாக்கினார்கள். நான் செய்யப் பார்த்தது அதற்கு நேர் எதிர். இது ஏன் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை?

ஒரு சின்னக் கணக்கு. பழைய வண்ண டிவியில் படம் 625 கோடுகளால் ஆனது. ஒரு விநாடிக்கு 25 முழுப் படம். 625ஐ 25ஆல் பெருக்குங்கள். விநாடிக்கு 15,625 கோடுகள். செட்டாப் பாக்ஸின் மஞ்சள் ஓட்டையில் வருவது இந்த வேகத்தில் வரும் படம். கம்ப்யூட்டர்த் திரைக்கு இது போதாது. பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் படிக்க வேண்டுமே, கண் கூசும். அதனால் 1987இல் விஜிஏ என்ற முறை வந்தபோது விநாடிக்குச் சுமார் 31,500 கோடுகள் என்று வைத்தார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு. மானிட்டரின் நீல ஓட்டை எதிர்பார்ப்பது இதை. மெதுவாகச் சொல்கிறவர் பேச்சை வேகமாக எழுதுகிறவர் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது, நடுவில் ஒருவர் வாங்கி, நிரப்பி, வேகம் கூட்டித் தர வேண்டும். வெறும் வயரால் அது நடக்காது, அதற்கு ஒரு மின்னணுப் பெட்டி வேண்டும்.

அப்படி ஒரு பெட்டி ஒரு காலத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்க் கடையிலும் விற்றது. "டிவி ட்யூனர் பாக்ஸ்" என்று பெயர். மெல்லிய எல்சிடி மானிட்டர்கள் வந்து, எல்சிடி டிவி கைக்கெட்டாத விலையில் இருந்த காலம். விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளில் பலர் மானிட்டரோடு இதைச் சேர்த்து கிரிக்கெட் பார்த்ததுண்டு. மகன் சொன்னான், "அம்மா, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய கம்ப்யூட்டர் விக்கிற கடைல கேட்டுப் பாருங்க. கண்டிப்பா ஒண்ணாவது கிடக்கும்."

வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்தார். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் தூசி படிந்து ஒன்று கிடந்தது. 600 ரூபாய் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினோம், விளக்கே எரியவில்லை. அடாப்டர் செத்திருந்தது. மறுநாள் மறுபடி போய் அடாப்டரை மாற்றிக்கொண்டு வந்தார். இதற்குள் அந்தப் பெண் இரண்டு பாடத்தைத் தவறவிட்டாள். ஜன்னல் வீட்டுக்காரர்களும் ஊருக்குப் போயிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை மஞ்சள் வயரை ட்யூனர் பாக்ஸில் சொருகி, அங்கிருந்து நீல வயரை மானிட்டருக்குக் கொடுத்து, சிவப்பு வெள்ளை வயர்களை மகனின் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குக் கொடுத்தோம். படம் வந்தது. சத்தமும் வந்தது. அந்தப் பெண் கைதட்டினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "டீச்சர், பாடம் எடுக்கிற மேடம் ரொம்பக் குண்டா இருக்காங்க!"

நிஜம்தான். முகமெல்லாம் பக்கவாட்டில் இழுத்துவிட்டது போல இருந்தது. இதற்கும் ஒரு வரலாறு உண்டு.

பழைய டிவித் திரையின் அகலமும் உயரமும் 4க்கு 3 என்ற விகிதம். மூலைவிட்டம் எவ்வளவு? பிதாகரஸ் தேற்றம் மறந்திருக்காது என்று நம்புகிறேன். 4, 3, 5. ஆரம்பகாலச் சினிமாப் படச்சுருளின் வடிவத்தை ஒட்டி டிவிக்கும் இந்த விகிதத்தை வைத்தார்கள். டிவி வீட்டுக்கு வீடு வந்ததும் அமெரிக்காவில் தியேட்டர் கூட்டம் குறைந்தது. கூட்டத்தைத் திரும்ப இழுக்க, வீட்டில் பார்க்க முடியாத அகலமான படத்தைக் காட்டினார்கள். 1953இல் சினிமாஸ்கோப் வந்தது அப்படித்தான். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த "ராஜராஜ சோழன்". தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய மன்னனுக்கு அகலத் திரை பொருத்தம்தான்.

பிறகு டிவியும் அகலமாக ஆசைப்பட்டது. பழைய டிவியின் விகிதத்துக்கும் சினிமாவின் விகிதத்துக்கும் நடுவில் சமரசமாகப் பிடித்ததுதான் 16க்கு 9. கம்ப்யூட்டர் மானிட்டர்கள் முதலில் 4:3 ஆக இருந்து, 2005 வாக்கில் 16:10 என்று அகலமாகி, சில ஆண்டுகளிலேயே டிவியைப் போல 16:9 ஆயின. திரைக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலைக்கு டிவிக்கும் மானிட்டருக்கும் ஒரே வடிவத்தில் வெட்டுவது சிக்கனம். நம் வீட்டு மானிட்டரின் வடிவத்தைத் தீர்மானித்தது இந்த மாதிரிக் கணக்குகள்தான்.

என் மகனின் மானிட்டர் 16:10. ட்யூனர் பாக்ஸ் 4:3 படத்தை அதில் முழுக்க இழுத்துப் பரப்பியிருந்தது. அமைப்பில் 4:3 என்று மாற்றினேன். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வந்தது, மேடம் இளைத்துவிட்டார். "இவ்வளவு இடம் வீணாப் போகுதே டீச்சர்" என்றாள். "போகட்டும், கணக்குப் போட்டுப் பாரு" என்றேன். 19 அங்குல 16:10 திரையின் உயரம் சுமார் 10 அங்குலம். அதில் அடங்கும் 4:3 படத்தின் மூலைவிட்டம் 16 அங்குலத்துக்கு மேல் வரும். பாட்டி வீட்டு 14 அங்குலப் பெட்டியைவிடப் பெரிதுதான். அவளே போட்டுப் பார்த்தாள். ஊரடங்கில் நான் நேரில் நடத்திய ஒரே வகுப்பு அது. மூன்றடி தள்ளி நின்றுதான்.

அன்று இரவு இன்னொன்று புரிந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது இதுதான்.

நம் வீடுகளில் டிவி என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அது எப்போதோ மானிட்டர் ஆகிவிட்டது. கவனித்தீர்களா? 1993இல் தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்த காலத்தில் கேபிள் வயரை நேராக டிவியில் சொருகினோம். சேனல்களைத் தேடிப் பிடித்தது டிவிக்குள் இருந்த ட்யூனர். 2003இல் சென்னையில் செட்டாப் பாக்ஸ் முறை முதலில் வந்தது. 2012 முதல் கட்டம் கட்டமாக நாடு முழுவதும் கேபிளை டிஜிட்டல் ஆக்கினார்கள். எங்கள் பக்கத்துக்கு 2017 வாக்கில் அரசு கேபிளின் பெட்டிகள் வந்தன. அன்றிலிருந்து சேனலைப் பிடிப்பது செட்டாப் பாக்ஸ். டிவியின் ட்யூனருக்கு வேலையே இல்லை. ரிமோட்டில் "ஏவி" என்று வைத்துவிட்டு, அதை மறந்தே போனோம். பெட்டி பிடித்துக் கொடுக்கும் படத்தைக் காட்டுவது மட்டும்தான் டிவியின் வேலை. மானிட்டரின் வேலையும் அதுதானே? பிறகு பரணில் கிடக்கும் மானிட்டரைப் பார்த்து, "இது டிவி இல்லை" என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வியில் குழம்பியது நான் மட்டும் இல்லை. பெரிய பெரிய அரசுகளே குழம்பி வழக்காடியிருக்கின்றன. கம்ப்யூட்டர் சாதனங்களுக்கு இறக்குமதி வரி இல்லை என்று 1996இல் பல நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. டிவிக்கு வரி உண்டு. பின்னால் மானிட்டர்களில் டி.வி.ஐ. என்ற ஓட்டை வந்தது. என் மகனின் மானிட்டரில் இருந்த அந்த வெள்ளை ஓட்டைதான் அது. பெயரைப் பார்த்து டிவி என்று ஏமாறாதீர்கள், டிஜிட்டல் படத்துக்கான இணைப்பு, அவ்வளவுதான். இந்த ஓட்டை இருந்தால் வீடியோ சாதனங்களையும் இணைக்கலாமே, ஆகவே இது வெறும் கம்ப்யூட்டர்த் திரை இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 14 சதவீத வரி போட்டது. அமெரிக்காவும் ஜப்பானும் தைவானும் 2008இல் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டன. 2010 ஆகஸ்டில் ஐரோப்பா செய்தது ஒப்பந்தத்துக்கு மாறானது என்று தீர்ப்பு வந்தது. ஒரு ஓட்டைக்காக இரண்டு வருஷ வழக்கு!

நம் நாட்டு ஜிஎஸ்டியில் இந்தச் சண்டைக்கே இடம் வைக்கவில்லை. 2019 ஜனவரி முதல் 32 அங்குலம் வரை உள்ள மானிட்டருக்கும் டிவிக்கும் ஒரே வரியாக, 18 சதவீதம் என்று ஒரே வரிசையில் எழுதிவிட்டார்கள். அரசாங்கக் கணக்கில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இப்போது என்னிடம் போனில் கேட்ட மாணவருக்கும், மானிட்டர் சும்மா கிடக்கும் மற்றவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மானிட்டரின் பின்பக்கம் பாருங்கள். எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தால் கவலை இல்லை, இப்போதைய செட்டாப் பாக்ஸ்களில் பலவற்றில் அதே ஓட்டை இருக்கிறது, ஒரு வயர் போதும். டி.வி.ஐ. மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐயிலிருந்து டி.வி.ஐ.க்கு மாற்றும் சாதாரண வயர் கிடைக்கும். இரண்டிலும் ஓடும் படம் ஒரே வகைதான், ஆனால் பெரும்பாலும் சத்தம் வராது, செட்டாப் பாக்ஸின் சிவப்பு வெள்ளை ஓட்டையிலிருந்து ஸ்பீக்கருக்குத் தனி வயர் போட வேண்டும். மிகப் பழைய மானிட்டர் என்றால் நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு ஒன்று காரணமாகப் படம் வராமலும் போகலாம், வாங்கும் முன் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். நீல நிற விஜிஏ மட்டும்தான் என்றால் வயர் போதாது, மாற்றித் தரும் சின்னப் பெட்டி வேண்டும். படம் அகலமாகத் தெரிந்தால் அமைப்பில் விகிதத்தை மாற்றுங்கள். மேடம்கள் இளைத்துவிடுவார்கள்.

பழைய குழாய் டிவியின் பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் மின்னழுத்தம் இருக்கும்.

இனி, நான் ஒத்திவைத்த அந்தப் பிள்ளையின் கதை.

1989 என்று நினைவு. லால்குடிக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு. கொடைக்கானல் மலையிலிருந்து ஒளிபரப்பு எங்கள் பக்கத்துக்கு வரத் தொடங்கியிருந்த காலம். அந்த ஊரில் ஒரே வீட்டில் டிவி. மரப் பெட்டி, இழுத்துப் பூட்டுகிற கதவு வைத்தது. வெள்ளிக்கிழமை இரவு "ஒலியும் ஒளியும்". அந்த வீட்டுத் திண்ணை வரை ஒரு பகுதி ஆட்களுக்கு அனுமதி, இன்னொரு பகுதிப் பிள்ளைகள் தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டிவி பார்த்தால் படிப்பு கெடும் என்று நான் உறுதியாக நம்பிய நாட்கள் அவை. திங்கட்கிழமை காலை, வெள்ளிக்கிழமை டிவி பார்த்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றேன். உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு பையன் எழுந்தான். "ஜன்னல்ல நின்னு பார்த்தேன் டீச்சர்" என்றான். உண்மையைச் சொன்னவனை மத்தியானம் வரை முட்டி போட வைத்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க அவன் பள்ளிக்கு வரவில்லை. பிறகு வந்தான், ஆனால் அந்த வருஷம் முடியும்வரை நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவன் கை தூக்கவே இல்லை.

பல வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், நம் நாட்டில் டிவியைக் கொண்டுவந்ததே பாடம் நடத்தத்தான் என்று. 1961இலேயே டில்லிப் பள்ளிகளுக்கு டிவியில் பாடம் ஒளிபரப்பினார்கள். 1975 ஆகஸ்டு முதல் ஒரு வருஷம், ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களில் செயற்கைக்கோள் வழியாக டிவி வைத்து, காலையில் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் நிகழ்ச்சி காட்டினார்கள். நம் மாநிலம் அதில் இல்லை. ஊருக்குப் பொதுவாக ஒரு டிவி, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது என்பதுதான் அவர்கள் எண்ணம். எங்கள் கிராமத்துக்கு டிவி வந்தபோது அது ஒருவர் வீட்டுக்குள், பூட்டுப் போட்ட பெட்டியாக வந்தது. நானோ பூட்டியவர்களை விட்டுவிட்டு ஜன்னலில் நின்றவனைத் தண்டித்தேன்.

2020இல் கோலமாவோடு நான் நின்றுபோனது இதனால்தான். முப்பது வருஷத்துக்கு முன் அவன் நின்ற அதே மாதிரி அந்தப் பெண் நின்றாள். அவன் பாட்டுப் பார்த்தான், இவள் பாடம் பார்த்தாள். இரண்டு பேரும் வெளியேதான் நின்றார்கள்.

அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்த மானிட்டரால்தான் படித்தாள் என்று நான் சொல்லமாட்டேன், அது அவள் உழைப்பு. மானிட்டர் இன்னும் அந்த வீட்டில் ஓடுகிறது. பாட்டி சாயங்காலம் பூ கட்டிக்கொண்டே சீரியல் பார்க்கிறார். கருப்புப் பட்டை பிடிக்கவில்லையாம், மறுபடி இழுத்துப் பரப்பி வைத்திருக்கிறார். "முகம் நெறஞ்சாப்ல இருந்தாத்தான் டீச்சரம்மா லட்சுமிகரமா இருக்கு" என்கிறார்.

அந்தப் பையனுக்கு இன்று நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பெயர் சொல்லவில்லை. என் மாணவர்கள் வழியாக இந்தப் பதிவு உன்னிடம் வந்தால் உனக்கே தெரியும். தம்பி, அன்று நீ செய்தது தப்பில்லை. நான் செய்ததுதான் தப்பு. மன்னித்துவிடு. ஒரு நாள் சமயபுரம் வந்தால் வீட்டுக்கு வா. நேராக உள்ளே வந்து உட்கார வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய மானிட்டரை எடைக்குப் போடும் முன் உங்கள் தெருவில் ஒரு முறை விசாரியுங்கள். வாங்கிக்கொள்ள யாரும் இல்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள். வயர் மாட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், இப்போது நன்றாகவே பழகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
சமயபுரம்